இரண்டு விரல் உயரம்

இஞ்சேருங்கோ,

இருந்த காலத்தில் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது என்ன புதுப் பழக்கம் என்று இப்படியே தொடங்குகிறேன்.

இன்று பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் ஒரு மணம். மகள் குசினி மேசையில் இருந்து நகங்களுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். வெளியே மழை என்பதால் யன்னல் ஒன்றும் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் உனக்கென்ன நகப்பூச்சு என்று ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மணத்தில் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. யன்னலைத் திற" என்றேன்.

அவளுக்கு முதல் பல் முளைப்பதற்கு முன்பே நம் வீட்டில் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் போத்தல் இருந்தது, அதில் ஒரு சொட்டுக்கூட என் நகத்தில் பட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

போன ஞாயிறு நோர்பரியில் உங்கள் அண்ணை வீட்டில் உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் நடந்தது. அங்கே நான் ஒன்று செய்தேன். பன்னிரண்டு வருடமாகச் செய்யாமல் விட்டது. அது எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலில் இருந்தே சொல்லுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். தெரிந்த கதையை இடையில் மறிக்காமல் கேட்பது உங்களுக்கு எப்போதும் பெரிய பாடு. இந்த முறை உங்களால் மறிக்க முடியாது.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அந்த மேல் மாடி அறையில் இருந்தோமே, மகளுக்கு எட்டு மாதம். உங்களுக்கு விடியப்புறம் ஐந்து மணிக்கு விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலை தொடங்கும். சாப்பாட்டுத் தட்டுகளைக் குளிர் அறைக்குள் நின்று அடுக்குகிற வேலை. எனக்குப் பகல் இரண்டு மணிக்கு, ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற லோன்றியில். பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆகவே நீங்கள் வர நான் போவது, நான் வர நீங்கள் நித்திரைக்குப் போவது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்.

அதையும் நீங்கள் வாங்கிய விதத்தைப் பாருங்கள். மூன்று வீடு தள்ளி இருந்த வெள்ளைக்கார அம்மா வீடு மாறிப் போகும்போது விற்ற பெண்கள் சைக்கிள். என் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. ஆறடிக்கு ஒரு விரல் குறைந்த மனிதர் அதில் ஏறினால் முழங்கால் ஹான்டிலில் முட்டும். "ஆம்பிளையளின்ரை சைக்கிள் ஒண்டு பாத்து வாங்கியிருக்கலாமே" என்றேன். "நீர் கவுணோடை ஏறி இறங்கவேணும். எனக்கு என்ன, சீற்றை ஏத்தினால் சரிதானே" என்றீர்கள். வேலையிடத்தில் உங்களைப் பெண்கள் சைக்கிளில் வருகிறவர் என்று பகிடி பண்ணினார்களாம். அதையும் வந்து நீங்களே சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்.

வாங்கி வந்த அன்றே சீற்றை அதன் குழாயோடு முழுதாக வெளியே இழுத்து என்னிடம் காட்டினீர்கள். துருவைச் சீலையால் தேய்த்தபோது கீழ் முனையில் இருந்து நாலு விரல் மேலே, குழாயைச் சுற்றி மெல்லிதாக ஒரு கோடு வெட்டியிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ.

"இந்தக் கோடு எப்பவும் பிரேமுக்கை மறைஞ்சிருக்கவேணும்" என்றீர்கள். "கோடு வெளியில தெரிஞ்சால் உள்ளுக்கை காணாது எண்டு அர்த்தம். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது. மறந்துபோடாதையும்."

நான் மறக்கவில்லை. இதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். மறந்து செய்த பிழை என்றால் என்றோ சொல்லியிருப்பேன்.

வருகிறவர் அடுத்துப் போகிறவருக்குச் சீற்றைச் சரிசெய்து வைப்பது என்று ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது. ஸ்பானரைக் கயிற்றில் கட்டிச் சைக்கிளிலேயே தொங்கவிட்டீர்கள். பகல் ஒன்றரைக்கு நீங்கள் வந்து இறங்குவீர்கள். நான் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு வாசலில் நிற்பேன். நட்டைத் தளர்த்திச் சீற்றை எனக்காக இறக்குவீர்கள். பிறகு பிள்ளை உங்கள் கைக்கு, சைக்கிள் என் கைக்கு. சீற் இன்னும் சூடாகவே இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். பால் மா முடிந்தது, ஊரில் இருந்து கடிதம் வந்தது, பிள்ளைக்குத் தடிமன், எல்லாம் அதற்குள் பேசி முடிக்கவேண்டும். இரவு எட்டு மணிக்கு நான் வந்ததும் உங்களுக்காகச் சீற்றை ஏற்றி வைப்பேன். விடியப்புறம் இருட்டில் உங்கள் விறைத்த விரல்களுக்கு ஸ்பானர் பிடிக்கிற வேலை வேண்டாம் என்று. ஆக, என் உயரத்தை நீங்கள் வைத்தீர்கள், உங்கள் உயரத்தை நான் வைத்தேன். தன் தன் உயரத்தைத் தானே வைத்த நாள் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்ததில்லை.

ஒவ்வொரு நாளும் அளவு தேடாமல் இருக்கத்தான் அந்த நகப்பூச்சு. லோன்றியில் கூட வேலை செய்த ஒரு பிள்ளை எனக்குப் பிறந்தநாளுக்குத் தந்தது. குழாயில் எனக்கு ஒரு பொட்டு, உங்களுக்கு ஒரு பொட்டு. பொட்டு பிரேமின் வாயில் வந்து நிற்கும்படி வைத்து நட்டை இறுக்கினால் சரி. ஏற்றி இறக்கும்போது உரசி அழிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பப் பூசுவோம்.

உங்கள் பொட்டு கோட்டுக்கு மேலே மயிரிழை தள்ளி இருந்தது. அதாவது அந்தச் சைக்கிள் தரக்கூடிய முழு உயரமும் அதுதான். அதற்கு மேலே ஏற்ற அதில் இடமில்லை.

என் பொட்டை நீங்கள் வைத்த இடத்தையும் சொல்லத்தானே வேண்டும். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படவேண்டும் என்று, சீற் பாதாளத்தில் நிற்கும்படி வைத்தீர்கள். தவளை மாதிரி முழங்காலை மடித்து மடித்து மிதித்தேன். "நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சைக்கிளில போனவள், தெரியுமோ?" என்று சண்டை பிடித்தேன். "அங்கை இப்பிடி லொறியள் வரேல்லை" என்று நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினீர்கள். என் விஷயத்தில் அவ்வளவு பயம். உங்கள் விஷயத்தில் அதில் பாதி பயமாவது இருந்திருந்தால் நான் ஏன் அந்த வேலை பார்க்கப் போகிறேன்.

ஐப்பசி மாதம் உங்களுக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. நீங்கள் சொல்லவில்லை. படி சொன்னது. மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பக்கவாட்டாக இறங்கினீர்கள். விடியப்புறம் படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். கேட்டால், "குளிர். வேறையொண்டுமில்லை" என்பீர்கள். எட்டு மணித்தியாலம் குளிர் அறையில் நின்றுவிட்டு, கால் நீட்ட இடமில்லாத சைக்கிளை மிதித்து வந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சைக்கிள்மேல் என்று வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் இரவு உங்கள் சீற்றை ஏற்றியபோது பொட்டில் நிறுத்தாமல் அரை விரல் கூட ஏற்றினேன். கோடு வெளியே வந்தது. பார்த்தேன். பெருவிரலால் மூடிப் பார்த்தேன். கடையில் விலை சொல்கிறவன் கொஞ்சம் கூட்டித்தானே சொல்லுவான், கோடு போட்டவனும் அப்படித்தான் கூட்டிப் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொன்னேன். பழைய பொட்டைப் பிளேட்டால் சுரண்டிவிட்டுப் புதுப் பொட்டை அரை விரல் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் பகல் நீங்கள் வந்து இறங்கியபோது முகம் தெளிவாக இருந்தது.

"இண்டைக்குச் சைக்கிள் நல்லா ஓடுது. காத்து எதிர்க்கேல்லைப் போல" என்றீர்கள்.

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. லோன்றியில் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தேன். ஒரு கிழமையால் இன்னும் அரை விரல். பிறகு இன்னும் ஒரு விரல். படியில் நீங்கள் நேராக இறங்கத் தொடங்கினீர்கள். நாலு விரல் உள்ளே நிற்கவேண்டிய குழாய் இரண்டு விரல்தான் உள்ளே நின்றது. உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். சிவப்புப் பொட்டு வந்தபின் கண் பொட்டைத்தான் தேடும், கோட்டை ஏன் தேடப் போகிறது? அதுவும் நான் வைத்த பொட்டு.

கார்த்திகை பிறந்து, "சீற் கொஞ்சம் ஆடுதப்பா, இறுக்கிவிடும்" என்று ஒரு பகல் சொன்னீர்கள். இரவு என் முழுப் பலத்தையும் போட்டு நட்டை இறுக்கினேன். இறுக்கம் வேறு, ஆழம் வேறு என்று நீங்கள் முதல் நாளே சொல்லித் தந்திருந்தீர்கள். இறுக்கினேன், சரி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தொலைபேசி அவர்களிடம்தான் இருந்தது. சுற்றுவட்டத்துக்குக் கிட்ட நீங்கள் விழுந்துவிட்டீர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்றார். சீற்றோடு சேர்ந்து பின்பக்கமாய் மல்லாக்க விழுந்திருக்கிறீர்கள். பின்னால் வந்த கார்க்காரன் பிரேக் பிடித்து ஒரு கை தூரத்தில் நிறுத்தினானாம். அந்த ஒரு கை தூரத்தை இன்றைக்கும் நான் கையை நீட்டி அளந்து பார்ப்பேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். காறை எலும்பு உடைந்து, தோளைக் கட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். என்னைக் கண்டதும், "ரீ குடிச்சனீரோ?" என்று கேட்டீர்கள். நான் அழுதேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்த நேரம் அண்ணை உள்ளே வந்தார்.

தகப்பன் இல்லாத வீட்டில் உங்களுக்குத் தகப்பனாக நின்றவர் அவர். லண்டனுக்கு நம்மை எடுத்ததும் அவர்தான். அவர் முன்னால் நான் நிமிர்ந்து கதைத்ததில்லை. வருகிற வழியில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் அந்தச் சீற் குழாய். நுனி வளைந்திருந்தது. பிரேமின் வாய் மூன்று விரல் நீளத்துக்குக் கிழிந்துபோயிருக்கிறது என்றார்.

"இதிலை கோடு போட்டு எழுதிக் கிடக்கு. கோட்டுக்குக் கீழை இரண்டு விரல் தள்ளிச் சிவப்பா ஒரு அடையாளம். ஆர் இந்த விசர் வேலை பாத்தது?"

நான் பிள்ளையை மார்போடு அணைத்தபடி நின்றேன்.

"நான்தான் அண்ணை" என்றீர்கள்.

"உனக்குக் கண் தெரியாதோ?"

"தெரியும். கொஞ்சம் கால் நீட்டி ஓடுவம் எண்டு பாத்தன்."

"நீ ஒரு பிள்ளைக்குத் தேப்பன். இன்னும் விளையாட்டு. உன்னை நம்பி ஆர் என்னத்தைத் தாறது?"

"அத்தான், அது வந்து..." என்று நான் அண்ணையிடம் தொடங்கினேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இஞ்சேர், பிள்ளை அழுறாள். வெளியில கொண்டுபோம்" என்றீர்கள்.

பிள்ளை அழவில்லை. நல்ல நித்திரை. நான் வெளியே போனேன். போயிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த முதல் நாள், உங்களுக்குச் சேர்ட் பொத்தான் பூட்டும்போது கேட்டேன். "ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அண்ணை உம்மைக் கேட்டால் நீர் அழுவீர். என்னைக் கேட்டால் நான் சிரிப்பன். சிரிக்கிறவன் ஏச்சு வாங்கிறதுதான் நல்லம்."

"என்னோடை கோவம் இல்லையோ?"

"இருக்கு. கால் நோகுது எண்டு கண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். இப்பிடிக் களவாச் சீற் ஏத்தின மனுசியை எங்கையும் கேள்விப்பட்டிருக்கிறியளோ எண்டு ஆரையும் கேக்கவும் ஏலாது." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய், தோள் நொந்து, "ஐயோ" என்றீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த எட்டுக் கிழமையும் நீங்கள் பகலெல்லாம் வீட்டில் இருந்தீர்கள். காலையில் உங்களோடு இருந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று எனக்குக் கலியாணம் முடித்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் எலும்பு உடைந்து கிடக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். வெட்கம்தான். ஆனால் இருந்தது.

கை சுகமாகி வேலைக்குப் போக நாள் குறித்ததும் பெரிய பிரேம் சைக்கிள் ஒன்று கொண்டுவந்தீர்கள். ஸ்பானரை என் கையில் தந்தீர்கள்.

"நான் மாட்டன்" என்றேன்.

"நீர்தான் வைக்கவேணும். வேறை ஆர் வைக்கிறது?"

குழாயை வெளியே எடுத்து, கீழ் முனையில் இருந்து நாலு விரல் அளந்து காட்டினேன். ஐந்தாவது விரலும் சேர்த்தேன். நீங்கள் பக்கத்தில் குந்தி இருந்து, "உம்மடை விரல் சின்னன்" என்று உங்கள் கையை என் கைக்கு மேலே வைத்தீர்கள். உங்கள் நாலு விரல் என் ஐந்து விரலுக்குச் சரியாக இருந்தது. அந்தச் சைக்கிளில் உங்களுக்கு ஏற்ற உயரம் வைத்தும் கோடு உள்ளே ஆழமாக மறைந்திருந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் உங்கள் சீற்றை நான் ஒரு நூல்கூட மாற்றவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. மற்ற எல்லோருக்கும் இது சிரிப்புக் கதைதான்.

இரண்டு வருடம் போக, அண்ணை நோர்பரியில் பலசரக்குக் கடை திறந்தார். கூட நிற்க ஒருவர் வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டீர்கள். குளிர் அறையை விட்டு வெளியே வர வேறு வழி இருக்கவில்லை. எந்த மரக்கறி எந்த நாளில் எடுக்கவேண்டும், எந்தத் தட்டில் எந்தச் சாமான் என்று தாளில் எல்லாம் கீறி வைத்திருந்தீர்கள். மகள் அந்தத் தாளின் மறுபக்கத்தில் கோழி கீறினாள். அண்ணை உங்களைக் கேட்காமல் அண்ணியின் தம்பியைச் சேர்த்தார். ஏன் என்று யாரோ கேட்டபோது, "சைக்கிள் சீற்றையே அளவா வைக்கத் தெரியாதவன். அவனிட்டைக் கடையைக் குடுத்திட்டு நான் நித்திரை கொள்ள ஏலுமோ?" என்றாராம். அது நம் காதுக்கும் வந்தது.

அன்று நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். "நான் போய்ச் சொல்லப்போறன். நடந்தது எல்லாத்தையும் சொல்லப்போறன்."

நீங்கள் கதவில் சாய்ந்து நின்றீர்கள். "வேண்டாம். கடை போனால் போகட்டும். அண்ணை உம்மை ஒரு சொல் சொன்னால் நான் பிறகு அவரோடை கதைக்கமாட்டன். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை."

"உங்களைச் சொன்னால் பரவாயில்லையோ?"

"என்னைச் சின்னனில இருந்து சொல்லுறார். பழகிப்போச்சு."

நான் சப்பாத்தைக் கழற்றினேன். நீங்கள் மறித்ததால்தான் போகவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. நீங்கள் மறித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணை முன்னால் போய் நிற்கத் தேவையில்லை என்ற நிம்மதி. அதை நீங்கள் கண்டீர்களோ தெரியாது. கண்டிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை பொங்கல், எத்தனை பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் அண்ணை அந்தக் கதையைச் சொல்லுவார். வருடத்துக்கு வருடம் சீற் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் நீங்கள் ஒட்டகத்தில் போவதுபோல் விமான நிலையத்துக்குப் போனீர்கள், விமானம் உங்களுக்கு விலத்திப் போனது என்ற அளவில் வந்து நின்றது. எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் முதல் ஆளாகச் சிரிப்பீர்கள். நான் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவுவேன். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவேன்.

குளிர் அறையில் இன்னும் ஒன்பது வருடம் நின்றீர்கள். போன வருடம் ஒரு வியாழக்கிழமை, வேலையால் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுப் படியில் இருந்தவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். குளிருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொன்னார். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அது மனதில் ஏறவில்லை. கடைக்கதிரையில் இருந்திருப்பீர்கள், ஹீற்றர் பக்கத்தில் இருந்திருக்கும், என்றே மனம் போகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

விம்பிள்டனில் இருந்து வந்த ஐயர் கிரியைகளை முடித்துப் போய்விட்டார். படைத்துச் சாப்பிட்டு முடிந்து எல்லோரும் முன் அறையில் இருந்தோம். உங்களுக்குப் பிடிக்கும் என்று அண்ணி பயற்றம் பணியாரம் சுட்டிருந்தா. அண்ணை மகளைப் பக்கத்தில் இருத்தி, "உன்ரை கொப்பர் சைக்கிளில போன கதை தெரியுமோ?" என்று தொடங்கினார். அவளுக்கு மனப்பாடம். ஆனாலும், "சொல்லுங்கோ பெரியப்பா" என்றாள். ஒட்டகம் வந்தது. விமானம் விலத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அண்ணைக்குக் கண்ணீர் வந்தது. "சரியான விசரன். ஒரு பொறுப்பு இல்லை" என்று சொல்லி முகத்தைத் துடைத்தார். முதல் ஆளாகச் சிரிப்பதற்கு நீங்கள் அங்கே இல்லை.

நான் குசினிக்குள் போகவில்லை.

"அத்தான், சீற்றை ஏத்தினது அவரில்லை. நான்" என்றேன்.

நான் எழும்பி நின்றே சொன்னேன். முழங்கால் நோவு, பொட்டைச் சுரண்டியது, அரை விரல் அரை விரலாக இரண்டு விரல் ஏற்றியது, கோட்டைக் கண்டுகொண்டே ஏற்றியது, ஆஸ்பத்திரியில் பிள்ளை அழாதது. ஒன்றும் விடவில்லை. பன்னிரண்டு வருடமாக மனதுக்குள் அடுக்கி வைத்ததல்லவா, ஒழுங்காகத்தான் வந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. ஏசப்போகிறார், ஏசட்டும் என்று நின்றேன்.

அண்ணை ஏசவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாத்தியளே இவளை? அவன் போய் ஒரு வருசம். இப்பவும் அவனை விட்டுக்குடுக்கிறாளில்லை" என்றார்.

"இல்லை அத்தான். உண்மையாத்தான் சொல்லுறன்."

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவன் தன்ரை வாயால என்னட்டைச் சொன்னவன். நீயும் அங்கைதானே நிண்டனீ. நகப்பூச்சுப் பூசி அளவு வைக்கிற கூத்தெல்லாம் அவனைத் தவிர வேறை ஆர் செய்வினம்?"

அண்ணி வந்து என் தலையைத் தடவினா. மகள் என் கையைப் பிடித்து, "பரவாயில்லையம்மா, பெரியப்பா சும்மா பகிடிக்குத்தானே சொல்லுறார்" என்றாள். அவளும் நம்பவில்லை. மூன்றாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது அங்கே இருந்த பெண்கள் இரண்டு பேர் அழுதார்கள், என்ன மாதிரி ஒரு மனைவி என்று.

உங்களிடம் எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், திவசத்தன்று. ஒரே ஒரு முறை, கட்டிலில் சாய்ந்துகொண்டு, இரண்டு சொல்லில் சொன்ன பொய். நான் நின்று, மூன்று முறை, முழு விபரத்தோடு சொன்ன உண்மை அதற்கு முன்னால் நிற்கவில்லை. நீங்கள் இருந்த காலத்தில் சொல்லியிருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தாவது நம்பியிருப்பார்கள். அந்தக் காலத்தை நான் கோப்பை கழுவிக் கழித்துவிட்டேன்.

வெளிக்கிடும்போது அண்ணை எங்களோடு வாசல்வரை வந்தார். என் தலையில் கை வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"பிள்ளை, தன்ரை ஆளின்ரை பிழையைத் தன்ரை தலையில போடுறதுக்குப் பெரிய மனசு வேணும். நீ பெரிய மனுசி" என்றார்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய சொல் அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டியது. அவர் அதை என்னிடம் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.